எந்த வாயில் வழி வந்தது?

(செஞ்சியில் நிகழ்த்தப்பெற்ற உரை)



செஞ்சியின் கீழ்க்கோட்டைக்கு வாயில்கள் இரண்டு உள. வடக்கே திறப்பது ஆர்க்காட்டு வாயில். வேலூர் வாயில் என்றும் அதனைச் சொல்வர். கிழக்கே திறப்பது புதுச்சேரி வாயில். கட்டியவன் பெயரோ காத்தவன் பெயரோ அவற்றுக்கு வழங்கவில்லை. அவற்றின் வழியே செல்லும் சாலை எவ்வூரை அடைகின்றதோ அவ்வூர்ப் பெயரே வழங்குகின்றது. பெயரிட்ட அந்நாள் மக்கள் ஓர் உண்மையை நன்கறிந்திருந்தனர். ஓர் ஊருக்குள் எது வரும் என்பதை அதன் மதில் முடிவு செய்வதில்லை. அதன் வாயில் எந்தச் சாலையை நோக்கியிருக்கின்றது என்பதே முடிவு செய்கின்றது.

இவ்வுண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்று வீடுதோறும் கவலையோடு பேசப்பெறும் ஒரு வினாவை அணுகுவோம். சட்டம் விலக்கிய மயக்கப் பொருள்கள் எல்லா நிலத்திலும் ஒரே அளவில் பரவவில்லையே, ஏன்? பஞ்சாபில் எரோயின், மணிப்பூரிலும் எரோயின். இராசத்தானில் அபினி. ஆந்திர ஒடிய மலைகளில் கஞ்சா. கல்வராயன் மலையில் காய்ச்சிய சாராயம். மரக்காணக் கடற்கரையில் மெத்தனால் என்னும் கொடுநஞ்சு. இம்மண்ணுக்கு இது, அம்மண்ணுக்கு அது என்று பங்கிட்டவர் யார்?

விடையல்லாத விடை

இவ்வினாவுக்கு எளிதில் வாயில் வரும் விடை ஒன்று உண்டு. "அம்மக்களின் இயல்பே அப்படி" என்பது அது. பஞ்சாபியர் களியாட்டக்காரர், மலைமக்கள் அறிவிலார், குப்பத்து மக்கள் குடிகாரர் என்று ஒரு சொல்லில் ஓர் இனத்தையே கூண்டிலேற்றிவிட்டு அகல்வது அவ்விடையின் வேலை. இது விடையன்று, வசை. வசையால் எந்த நோயும் தீர்ந்ததில்லை.

பர்மாவின் எல்லையை ஒட்டி மணிப்பூரில் மோரே என்னும் சிற்றூர் ஒன்று உளது. 1962ஆம் ஆண்டுக்குப் பின் பர்மாவிலிருந்து வெளியேற நேர்ந்த தமிழர்கள் அங்குக் குடியமர்ந்தனர். கோயிலும் தமிழ்ச் சங்கமும் கண்டு அங்கு வாழ்கின்றனர். அதே மோரே, பர்மிய எரோயின் இந்தியாவுக்குள் நுழையும் பெருவாயில்களுள் ஒன்று. இனி எண்ணிப் பாருங்கள். அக்காள் மோரேயிலும் தங்கை செஞ்சியிலும் வாழ்க்கைப்பட்டனர் என்று கொள்வோம். அக்காள் மகன் பள்ளிக்குச் செல்லும் தெருவில் எரோயின் விலைபோகின்றது. தங்கை மகன் செல்லும் தெருவில் பாக்கெட் சாராயம் விலைபோகின்றது. இருவர்க்கும் குருதி ஒன்று, மொழி ஒன்று, தாய்வழிப் பாட்டி ஒருத்தி. வேறுபட்டது தெரு மட்டுமே. இருவரும் தவறினால் இருவேறு நஞ்சில் தவறுவர். இதில் இனத்தின் இயல்பு எங்கே வந்தது?

இந்திய ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காகத் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நாடு முழுதும் எடுத்த கணக்கு 2019இல் வெளிவந்தது. 10 அகவை முதல் 75 அகவை வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவோர். கஞ்சா, பாங்கு முதலியவற்றைக் கொள்வோர் 2.8 விழுக்காட்டினர்; 3 கோடிக்கும் மேல். அபினி வழிப் பொருள்களைக் கொள்வோர் 2.1 விழுக்காட்டினர், 2 கோடிக்கும் மேல். இவை நாட்டின் மொத்த அளவு. மாநிலம் மாநிலமாகப் பிரித்து நோக்கினாலோ படமே மாறிவிடுகின்றது. அபினி வழிப் பொருள்களில் மிசோரம், நாகாலாந்து, அருணாசலம், சிக்கிம், மணிப்பூர் ஆகிய வடகிழக்கு மாநிலங்கள் முன்னிற்கின்றன. கஞ்சாவில் உத்தரப் பிரதேசம், பஞ்சாப், சிக்கிம், சட்டீசுகர், தில்லி ஆகியன முன்னிற்கின்றன. மதுவில் சட்டீசுகர், திரிபுரா, பஞ்சாப், அருணாசலம், கோவா முன்னிற்கின்றன. இம்மூன்று வரிசையிலும் ஒருசேர முன்னிற்கும் மாநிலம் ஒன்றுகூட இல்லை. மக்கள் இயல்பே கரணியமாயின் எல்லாவற்றிலும் அன்றோ முன்னிற்க வேண்டும்?

நிலம் தந்த மயக்கம்

தமிழ் கற்றோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. உணவு, மரம், விலங்கு, பறை, தொழில் என ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களைக் கருப்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். குடிக்கும் பொருளும் அவ்வாறே நிலத்தோடு பிறந்தது. இங்கிருந்து தொலைவில் இல்லாத செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலைமக்கள் மூங்கிற் குழாயில் விளைவித்த தேன்கலந்த தேறலைக் காட்டுகின்றது. திண்டிவனத்தை அடுத்த ஓய்மா நாட்டைப் பாடிய சிறுபாணாற்றுப்படையோ, கடற்கரை எயிற்பட்டினத்தில் நுளையர் மகள் அரித்துத் தந்த பழந்தேறலைக் காட்டுகின்றது. மலையில் தேன் இருந்தது, தேன்தேறல் பிறந்தது. கரையில் பனை இருந்தது, பனங்கள் பிறந்தது. அவரவர் மண்ணில் விளைந்ததை அவரவர் குடித்தனர். அதனை நன்றென்று சொல்வதற்கில்லை. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். ஆயினும் அந்நாளில் மயக்கத்தைப் பங்கிட்டது நிலமே என்பது தெளிவு.

இந்நாளிலும் நிலத்தின் பங்கு ஓரளவு உண்டு. அபினி தரும் கசகசாச் செடி குளிர்ந்த பனிக்காலத்தை வேண்டுவது. ஐப்பசி கார்த்திகையில் விதைத்து, மாசி பங்குனியில் காயைக் கீறிப் பால் எடுப்பர். மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர், நீமச்சுப் பகுதிகளும் இராசத்தானின் சித்தோர்கட்டுப் பகுதியும் உத்தரப் பிரதேசத்தின் சில இடங்களும் அதற்கு ஏற்றவை. அரசின் இசைவுச் சீட்டோடு மருந்துக்காக இன்றும் அங்கு அது பயிராகின்றது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசின் தொழிற்சாலைகள் உள. மேற்கு இராசத்தானின் சில குடிகளில் விருந்துக்கும் துயருக்கும் அபினி நீட்டுவது வழக்கமாயிற்று. நம் ஊரில் விருந்தினர்க்கு வெற்றிலைத் தட்டை நீட்டுகின்றோம். கசகசா இங்கு விளையாததனால் நம் தட்டில் அபினி ஏறவில்லை. நம் ஒழுக்கம் உயர்ந்ததனால் அன்று.

நிலத்தின் மேல் அரசும் கை வைத்தது. 1773இல் வங்காளத்து அபினி வாணிகத்தை ஆங்கிலக் கும்பினி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. கங்கைச் சமவெளியின் உழவர் முன்பணம் பெற்றுக் கசகசா பயிரிட்டனர். விளைந்ததைக் கொண்டு சீனத்து மக்களை மயக்கினர். சீனம் தடுத்தபோது 1839இல் போரே மூண்டது. எந்நிலத்தில் எந்நஞ்சு என்பதை மண் மட்டுமன்றி, ஊதியம் தேடிய கணக்கரின் எழுதுகோலும் எழுதியது.

நூற்று முப்பது ஆண்டுக்கு முந்திய சான்று

கஞ்சாவைப் பற்றி உசாவ 1893இல் ஆங்கில அரசு ஒரு குழுவை அமர்த்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் சான்றுரைகளைப் பெற்று 1894இல் அக்குழு ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது. ஒரே செடியின் இலை, பூ, பிசின் ஆகிய மூன்றும் மூவேறு நிலங்களில் வழங்கியதை அவ்வறிக்கையில் காணலாம். இலையாகிய பாங்கு வடநாட்டில் மிகுதி. பூவாகிய கஞ்சா வங்காளத்திலும் தென்னாட்டிலும் மிகுதி. பிசினாகிய சரசு பஞ்சாபில் மிகுதி.

பஞ்சாபுக்கு அச்சரசு எங்கிருந்து வந்தது? பஞ்சாபின் வயலிலிருந்து அன்று. பனிமலைகளுக்கு அப்பால், நடு ஆசியாவின் யார்க்கண்டிலிருந்து குதிரைகளின் மேலும் எருதுகளின் மேலும் ஏற்றப்பெற்று, இலடாக்கின் லே நகர் வழியே வந்தது. வரிகட்டி வந்த வெளிப்படையான வாணிகம் அது. அச்சாலை பஞ்சாபில் முடிந்தமையால் பஞ்சாப் சரசு புகைத்தது. நிலம் தந்தது என்னும் நிலையை விட்டு, வழி தந்தது என்னும் நிலைக்கு உலகம் வந்துவிட்டமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

வழியே வகுக்கின்றது

அவ்வழியின் ஆட்சியே இன்று மேலோங்கி நிற்கின்றது. பஞ்சாபுக்கும் பாக்கித்தானுக்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ 550 கி.மீ. நீளம் உடையது. ஆப்கானித்தானத்தின் கசகசாவில் பிறந்த எரோயின் மேற்கேயுள்ள அவ்வெல்லையைக் கடந்து வருகின்றது; இன்று ஆளில்லாச் சிறு வானூர்திகளும் அதனைச் சுமக்கின்றன. கிழக்கே, பர்மா, இலாவோசு, தாய்லாந்து மூன்றும் கூடும் மலைநாடு மற்றொரு விளைநிலம். அங்கிருந்து மோரே, இம்பால் வழியாக எரோயின் இறங்கியது. 1980களில் மணிப்பூர் இளைஞர் அதனை ஊசியால் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினர்; ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தனர். 1990ஐ ஒட்டிய குறுகிய காலத்துக்குள், ஆய்ந்து பார்க்கப்பெற்ற ஊசிப் பழக்கத்தாரில் பாதிப் பேரைத் தொட்டுவிட்டது எச்.ஐ.வி. தொற்று. பஞ்சாபும் மணிப்பூரும் உணவால், மொழியால், சமயத்தால் ஒன்றினொன்று ஒவ்வாதன. ஆயினும் இரண்டும் எரோயினால் நைந்தன. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே: விளைநிலத்தை நோக்கித் திறந்த வாயில்.

விளைநிலமும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஆப்கானித்தானத்து ஆட்சியாளர் கசகசாப் பயிரை விலக்கினர். அவ்வாண்டு 2,33,000 எக்டேரில் இருந்த பயிர், 2023இல் 10,800 எக்டேராகச் சுருங்கியதென உலக நாடுகள் அவை கணக்கிட்டது. உலகம் அபினியை விட்டுவிட்டதா? இல்லை. அதே 2023இல் ஏறத்தாழ 1,080 டன் அபினியோடு மியான்மர் உலகின் முதல் விளைநாடாயிற்று. ஓர் ஏரியின் மடையை அடைத்தால் நீர் மறைந்துவிடுமா? கரை எங்கு தாழ்ந்திருக்கின்றதோ அங்கு வழியும். இதனை உழவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

சட்டம் வரைந்த கோடு

மூன்றாவது கரணியம் சட்டம். மயக்கப் பொருள்களுக்கென இன்று நடப்பிலுள்ள சட்டம் இந்தியாவில் 1985இல் வந்தது. கஞ்சாச் செடியின் பூவையும் பிசினையும் அது விலக்கியது. பூவோடு சேராத இலையை விலக்கவில்லை. ஆகவே உத்தரப் பிரதேசத்திலும் இராசத்தானிலும் பாங்குக் கடை அரசின் இசைவோடு நடக்கின்றது. அதே செடியின் பூவை ஒரு கிலோவுக்கு மேல் வைத்திருப்பவன் ஆண்டுக்கணக்கில் சிறை செல்வான். 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. இலை கடையில், பூ கமுக்கத்தில்! சட்டத்தின் கோடு விழுந்த இடத்தில் பழக்கமும் பிரிகின்றது.

கோடு போட்டபின் அடைபட்ட ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழைவதும் உண்டு. மிசோரத்தில் எரோயின் அருகி விலையேறியபோது, வயிற்றுவலிக்கெனக் கடையில் விற்ற ஒரு நீலக் குளிகையை இளைஞர் உடைத்துக் கரைத்து ஊசியில் ஏற்றினர். நரம்பில் ஏறுவதற்கன்று, குடலில் கரைவதற்கே ஆக்கப்பெற்ற பொருள் அது. ஏற்றிய இடமெல்லாம் சீழ் கட்டிக் கையும் காலும் அழுகின. சென்னையிலும் 1980களில் பரவிய பழுப்பு எரோயினின் இடத்தை, அடுத்த பத்தாண்டில் வலியடக்கும் மருந்தின் ஊசி பெரிதும் பிடித்துக்கொண்டது. மயக்கப் பொருள் மாறியது; மயங்கியவன் மாறவில்லை. எனவே ஒரு நிலத்தில் ஒரு பொருள் குறைந்துவிட்டது எனக் கேட்டவுடன் மகிழாமல், அதன் இடத்துக்கு எது வந்தது என்று கேட்பதே அறிவுடைமை.

தமிழ்நிலத்துக் கஞ்சா

கம்பம், வருசநாடு என்னும் பெயர்களைக் கேட்டவுடன் ஒரு தலைமுறைக்கு முன் கஞ்சாவே நினைவுக்கு வரும். மேற்கு மலைத்தொடரின் மறைவிடங்களில் அது பயிராயிற்று. மலைக்கு அப்பால் கேரளத்து இடுக்கியிலும் பயிராயிற்று. காவல்துறையும் காட்டுத்துறையும் பல்லாண்டுகள் தொடர்ந்து அழித்தமையால் அப்பயிர் ஒடுங்கியது. கஞ்சா ஒடுங்கிற்றா? விளைநிலம் வடக்கே நகர்ந்தது. விசாகப்பட்டினத்துக்கு மேற்கேயுள்ள மலைகளும், ஒடிய நாட்டின் மல்கான்கிரி, கோராபுட்டு மலைகளும் இன்று தென்னாட்டுக்குக் கஞ்சா தருவன. ஆந்திரக் காவல்துறை 2021இல் பல ஆயிரம் ஏக்கர்ப் பயிரை வெட்டி வீழ்த்தியது; 2022 மாசியை ஒட்டி அனகாப்பள்ளி அருகே ஏறத்தாழ 2 இலக்கம் கிலோவைத் தீயிட்டது. அதன்பின்னும் தொடர்வண்டிகளில் பைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அம்மலைகளில் பயிரிடுவோர் பெரும்பாலும் பழங்குடியினர். காப்பிக்கும் மஞ்சளுக்கும் கேழ்வரகுக்கும் சந்தை தொலைவு. கஞ்சாவுக்கோ முன்பணமும் விதையும் கொண்டு வாணிகன் வயலுக்கே வருகின்றான். அங்குக் கைக்குக் கிடைக்கும் சிறுதொகை, சென்னையில் பன்மடங்காகப் பெருகுகின்றது. கடல் கடந்தால் இன்னும் பெருகுகின்றது. அவ்விடைவெளியே நான்காவது கரணியமாகிய விலை. பிடிபடுவோர் மிகப் பலர் பை சுமந்தவர். பெருக்கத்தை உண்டவர் சிலர்.

இராமேசுவரம், வேதாரணியம் கடற்கரைகளிலிருந்து படகேறும் கஞ்சா ஈழக் கரையை அடைகின்றது. அங்கு அதற்கு என்ன பெயர் தெரியுமா? "கேரளக் கஞ்சா!" விளைந்தது ஆந்திர ஒடிய மலை, ஏறியது தமிழகக் கரை, பெயரோ கேரளம். ஒரு காலத்து வழியின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. போருக்குப் பின், 2009ஆம் ஆண்டுக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தில் கஞ்சாவோடு எரோயினும், ஐசு எனப்படும் மெத்தாம்பெட்டமினும் இளைஞரிடையே புகுந்துவிட்டமை கண்டு அங்குள்ள பெற்றோரும் ஆசிரியரும் கலங்கி நிற்கின்றனர். கடலை நோக்கித் திறந்த வாயிலும் வாயிலே.

நம் மாவட்டத்தின் மூன்று முகம்

இனி நம் வீட்டுக்கே வருவோம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நிலம் ஒரே துண்டாக இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களோடு பின்னிப் பிணைந்து கிடக்கின்றது. பிரெஞ்சுக்காரர் வைத்துச் சென்ற எல்லை அது. ஒரு வயல் தமிழ்நாடு. அடுத்த வயல் புதுச்சேரி. 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. 1990இல் வந்த மலிவுவிலை மதுவும் 1991இல் நின்றது. புதுச்சேரியிலோ சாராயக்கடை ஏலம்விட்டு நடத்தும் முறை தொடர்ந்தது. 2003 முதல் தமிழ்நாட்டில் அரசே மதுக்கடை நடத்துகின்றது. ஆயினும் அங்குள்ள புட்டியின் விலைக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள சாராயத்தின் விலைக்கும் இடையே நாட்கூலி பெறுவோர் கண்டு மயங்கும் வேறுபாடு இருந்தது. அவ்வேறுபாட்டை வண்டியிலேற்றிப் பிழைக்கும் ஒரு கூட்டம் தோன்றியதில் வியப்பில்லை. இது மாவட்டத்தின் கிழக்கு முகம்.

மேற்கு முகம் கல்வராயன் மலை. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை அதன் பெரும்பகுதி நம் மாவட்டத்தில் இருந்தது. வெல்லமும் வேலம்பட்டையும் இட்டு ஊறல் போட்டுக் காய்ச்சி, டியூபுகளில் அடைத்து இறக்குவது அங்கு நடந்த தொழில். ஓடைநீரும் விறகும் மறைவும் மலை தந்தவை. பள்ளியும் சாலையும் வேலையும் அரசு தர வேண்டியவை. அவை தாமதித்த இடத்தில் ஊறற்பானை முந்திக்கொண்டது.

மூன்றாவது முகம் கொடியது. அதற்கு மலையும் வேண்டா, பனையும் வேண்டா. 2023ஆம் ஆண்டு மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்து மீனவரும், செங்கற்பட்டு மாவட்டத்தாருமாக 20 பேருக்கு மேல் மாண்டனர். 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் மாண்டனர். அவர்கள் குடித்தது சாராயம் என்று எண்ணி. குடித்ததில் இருந்ததோ மெத்தனால். சாயத்துக்கும் வேதிப்பொருள் ஆக்கத்துக்கும் உரிய தொழிற்சாலைப் பொருள் அது. நிறத்தாலும் சுவையாலும் சாராயத்தினின்று பிரித்தறிய இயலாதது. கல்லீரலில் அது எறும்புக் காடியாக மாறிக் குருதியைக் கெடுக்கும். கண்ணின் நரம்பைத் தின்னும். சில தேக்கரண்டி அளவே பார்வையைப் பறிக்கும். சற்று மிகுந்தால் உயிரைப் பறிக்கும்.

எயிற்பட்டினம் என்பது இன்றைய மரக்காணக் கரையே என்பது அறிஞர் பலர் கருத்து. அக்கரையில் நுளையர் மகள் தன் கையால் அரித்துத் தந்த தேறலைச் சங்கப் பாணன் கண்டான். தருபவள் யார், பொருள் யாது, எம்மரத்தில் பிறந்தது என்பதெல்லாம் அன்று குடித்தவனுக்குத் தெரியும். அதே கரையில் 2023இல் குடித்தவனுக்கு, பாக்கெட்டுக்குள் இருப்பது எந்த ஆலையிலிருந்து எத்தனை கை மாறி வந்தது என்பது தெரியாது. நிலம் தந்த மயக்கத்துக்கும் வழி தரும் நஞ்சுக்கும் இடையிலான வேறுபாடு இவ்வளவே. இவ்வளவும் எண்பது பிணங்கள்.

மண் வேண்டாத நஞ்சு

வரவிருப்பது இதனினும் அஞ்சத்தக்கது. மெத்தாம்பெட்டமினுக்கு மழை வேண்டா, மலை வேண்டா, அறுவடைக் காலம் வேண்டா. ஓர் அறையும் சில வேதிப்பொருள்களும் போதும். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஒரு மியான்மர்ப் படகில் மட்டும் 5,000 கிலோவுக்கு மேல் பிடிபட்டது. வலிக்கென ஆக்கப்பெற்ற டாப்பென்டாடால் மாத்திரையைத் தமிழக இளைஞர் சிலர் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வதும், அம்மாத்திரை கூரியர்ப் பொதியாகவே வந்து சேர்வதும் காவல்துறையின் வழக்குகளில் வெளிப்படுகின்றன. செஞ்சிக்கு இன்னும் தொடர்வண்டி வரவில்லை. ஆயினும் கூரியர் வண்டி நாள்தோறும் வருகின்றது. நிலத்துக்கு நிலம் வேறுபாடு என்பதே நாளடைவில் மங்கி, எல்லா ஊரும் எல்லா நஞ்சுக்கும் திறந்த ஊராகிவிடக் கூடும்.

வாயில் காப்போர்

என்ன செய்வது? முதலில் வினாவை மாற்றுவோம். ஒரு வீட்டுப் பிள்ளை மயங்கி விழுந்தான் என்றால், "யார் மகன்? எந்தத் தெரு? எந்தச் சாதி?" என்று கேட்கும் வழக்கத்தை விட்டு, "எந்த வாயில் வழி வந்தது?" என்று கேட்போம். முதல் வினா ஒரு குடும்பத்தைத் தலைகுனியச் செய்யும். அக்குடும்பம் அடுத்த முறை வாய்திறவாது. இரண்டாவது வினா ஒரு வழியைக் காட்டிக் கொடுக்கும்.

மருந்துக்கடை ஒரு வாயில். மருத்துவர் சீட்டின்றி வலியடக்கும் மாத்திரை விற்கும் கடையை ஊரார் அறிவர். அறிந்ததை உரியவரிடம் சொல்லல் வேண்டும். சாராய வண்டி வரும் பாதை ஒரு வாயில். அது எந்நேரம் வரும் என்பதைக் காவல்நிலையத்தைவிடத் தெருக்கோடிப் பெட்டிக்கடை நன்கறியும். மெத்தனால் இருப்பு வைக்கும் ஆலை ஒரு வாயில். அதன் ஒவ்வொரு பீப்பாய்க்கும் கணக்குக் கேட்பது அரசின் கடன், கேட்க வைப்பது மக்களின் கடன். வேலையின்றித் திரியும் மாலைப்பொழுது ஒரு வாயில். நூலகமும் விளையாட்டிடமும் அதற்குக் கதவு.

விழுந்தவனுக்கும் ஒரு வாயில் திறந்திருத்தல் வேண்டும். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64அ பிரிவு, சிறிய அளவுக் குற்றத்துக்காக வழக்குக்கு உள்ளான பழக்கத்தான் தானே முன்வந்து மருத்துவம் பெற்றால் அவனை வழக்கினின்று விடுவிக்க இடமளிக்கின்றது. இதனை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்? 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைப்பேசி எண், மயக்கப் பழக்கத்திலிருந்து மீள வழிகேட்போர்க்கென நாடு முழுமைக்கும் வைக்கப்பெற்றுள்ளது. குறித்துக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டா. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவோர் இதற்கும் நாடலாம்.

1690இல் முற்றுகையிட்ட முகலாயப் பெரும்படை இக்கோட்டையைக் கொள்ள 1698 வரை காத்திருக்க நேர்ந்தது. மலையின் உயரத்தை மட்டும் நம்பி அதனைக் காத்தவர் இருந்திருந்தால் அத்தனை ஆண்டு நின்றிராது. மலைக்கும் மலைக்கும் இடையே மதில் இழுத்து, எந்தச் சாலையில் யார் வருகின்றார் என்று இரவும் பகலும் கண் விழித்தமையால் நின்றது. 2025இல் உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் இடம்பெற்ற அக்கோட்டையைக் காண இனி நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் வருவர். வருவோர் கல்லைக் காண்பர். கல்லின் கீழ் வாழும் பிள்ளைகளையும் காண்பர். அப்பிள்ளைகள் தெளிந்த கண்ணோடு அவர்களை எதிர்கொள்ள வேண்டும்.

ஆர்க்காட்டு வாயிலையும் புதுச்சேரி வாயிலையும் காத்த வீரர் மறைந்தனர். இன்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வாயில் உண்டு. அதன் காவலர் நீங்களே. விழித்திருங்கள்!